விருந்தாளியிடம் சொல்ல முடியாத இருபத்திரண்டு வார்த்தைகள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று தலையணையைத் தட்டிப் போட்ட நேரத்தில் என் கைபேசியில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. அனுப்பியவள் ரம்யா. உங்களில் சிலருக்கு அவளைத் தெரிந்திருக்கும். சரவணம்பட்டி கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்குத் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுக்கிறாள். 'வீட்டிலிருந்து வேலை பார்த்துக் களைத்துப்போனவர்கள் மேலதிகாரியிடம் பேச முப்பது ஆங்கிலச் சொற்கள்' என்று தலைப்பு. பர்ன்அவுட் இருந்தது, பவுண்டரி இருந்தது, ஒர்க்லோடு இருந்தது. கடைசியில் ஒரு வரி: "அவசரம் மேடம், இன்னிக்கே பாத்துச் சொல்லிருங்க, காலைல ஏழு மணிக்கு க்ளாஸ்."

பட்டியலில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. ஏனென்றால் தொண்ணூறுகளின் நடுவில், கம்ப்யூட்டர் என்றால் கண்ணாடி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கும் சாமான் என்று இருந்த காலத்தில், இதே விஷயத்துக்கு நானும் ஒரு பட்டியல் போட்டேன். என்னுடையதில் இருபத்திரண்டு சொற்கள். அந்தப் பட்டியல் பட்ட பாட்டை ரம்யாவுக்கு எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுவிட்டது. ஆகவே இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் செய்த தவறை நீங்களும் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் குறைந்தபட்சம் புதிய தவறாகச் செய்யுங்கள்.

அப்போது காந்திபுரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். முதல் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லிக்கொடுப்பேன். 'நோ ப்ராப்ளம், சார்.' இதை மட்டும் புன்னகையோடு சொல்லத் தெரிந்தால் உலகத்தில் எந்த ஆபீசிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது என் கொள்கை. எங்கள் கோவைப் பக்கத்து ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்ட வேகம் இருக்கிறதே! அவர்கள் பிறந்ததிலிருந்து "போச்சாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தானே. பரவாயில்லை, போகட்டும், இருந்துவிட்டுப் போகிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல் அது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு ஜோடி கிடைத்ததும் விடவில்லை.

அப்படிப் பிடித்துக்கொண்டவர்களில் முதல் மதிப்பெண் சென்னியப்பனுக்கு. உடுமலைப்பேட்டைக்காரர். பம்பாயில் ஒரு தேங்காய் எண்ணெய்க் கம்பெனி, அதற்கு இங்கிருந்து கொப்பரை வாங்கி அனுப்பும் வேலை அவருக்கு. கோயமுத்தூரில் கம்பெனிக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருந்தபோது வகுப்புக்கு வந்து, மூன்று மாதம் படித்து, எனக்கு ஒரு வாழைத்தாரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் இரண்டு வருடம் ஆளையே காணோம்.

திரும்பி வந்தபோது கூட மனைவியும் வந்திருந்தார். சாந்தாமணி என்று பெயர், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. சென்னியப்பன் பாதியாக இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

"ஏனுங்க டீச்சர், இவருக்கு இங்கிலீசுல ஏதாச்சும் சொல்லிக்குடுங்க. இல்லீன்னா எங்க சொந்தக்காரங்க யாரும் எங்க ஊட்டுப் படி ஏற மாட்டாங்க" என்றார் சாந்தாமணி.

ஆங்கிலத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கதை மெதுவாக வெளியே வந்தது.

கம்பெனி கோயமுத்தூர் ஆபீசை மூடிவிட்டது. ஒரு போனையும் ஒரு ஃபேக்ஸ் மெஷினையும் உடுமலைப்பேட்டையில் சென்னியப்பன் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, இனி உங்கள் வீடுதான் எங்கள் ஆபீஸ் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். சென்னியப்பனும் என்னிடம் கற்றதைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கதவு உள்ள அறை ஒன்றே ஒன்று. அது சாமி அறை. ஆகவே ஃபேக்ஸ் மெஷின் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தது. சாந்தாமணி தினமும் விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அந்தத் தெருவில் வேறு போன் கிடையாது. அக்கம்பக்கத்து மகன்கள், மருமகன்கள் எல்லோருடைய அழைப்பும் அங்கேதான் வந்தது. பம்பாய் மேனேஜர் லைனுக்காகக் காத்திருக்க, எதிர்வீட்டு அம்மா தன் மகனிடம் மாடு கன்று போட்டதை விளக்கிக்கொண்டிருப்பார்.

சென்னியப்பன் ஒழுங்கான மனிதர். காலையில் குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு, ஷூ மாட்டி, மொபெட்டில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி தன் வீட்டுக்கே வருவார். "ஆபீசுக்கு வந்தாப்புல ஒரு இது வேணுமல்லங்க" என்றார். காலையில் வந்துவிடுவார். சாயங்காலம் போவதற்குத்தான் இடம் இல்லை. ஆறு மணிக்கு மொபெட்டை எடுத்து மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் வாசலில் ஏறும்போதே ஃபேக்ஸ் கீச்சிடும். சாப்பிடும்போது மணி அடிக்கும். பல் தேய்க்கும்போது அடிக்கும். பம்பாயில் இருப்பவர்களுக்கு அவர் எந்நேரமும் ஆபீசில் இருப்பதாகத்தானே கணக்கு. ஒருவர் பார்த்த வேலை போய், மூடிய ஆபீசில் மூன்று பேர் பார்த்த வேலை அவர் தலையில். ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னது நோ ப்ராப்ளம், சார்.

பிறகுதான் கல்யாணம் வந்தது. சாந்தாமணியின் தங்கைக்குப் பொள்ளாச்சியில் கல்யாணம். தாலியைத் தேங்காய் மேல் சுற்றித் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு வாழ்த்துவதற்காகச் சபையில் கொண்டுவந்தார்கள். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சென்னியப்பன் முன்னால் தட்டு வந்தது. அவர் தாலியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத் தேங்காயைக் கையில் தூக்கினார். காதருகே வைத்து ஆட்டினார். நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ள இன்னும் தண்ணி இருக்குதுங்க. காயல. இது ஆகாதுங்க, அடுத்த லாட்டக் காட்டுங்க" என்றார்.

நாதஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டார் என்று சாந்தாமணி சொன்னார். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து, "ஏனுங்க, இது கல்யாண மண்டபமுங்களா, கொப்பரை மண்டிங்களா?" என்று கேட்டிருக்கிறார். மாமனார் ஓடி வந்து தேங்காயைப் பிடுங்கித் தட்டில் வைத்திருக்கிறார். தாலி கட்டுவதற்குள் மூன்று பேர் காலில் மூன்று பேர் விழ வேண்டியதாயிற்று. சென்னியப்பனோ தான் என்ன செய்தோம் என்பதே தெரியாமல், எல்லோரும் ஏன் முறைக்கிறார்கள் என்று விழித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சொல்லி முடித்ததும் நான் சிரித்துவிட்டேன். சென்னியப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்தது. தூக்கம் போய் நாலு மாதமாகிறது, டாக்டர் இப்படியே போனால் ஒருநாள் எங்கேயாவது விழுந்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டார் என்றார். இன்னும் இரண்டு வாரத்தில் மேனேஜர் நேரில் வருகிறாராம். பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம், பாலக்காடு ஆகிய நான்கு ஊர்க் கொள்முதலையும் இவர் தலையிலேயே வைக்கப் போகிறாராம்.

"முடியாதுன்னு சொல்லோணுமுங்க. வேலையும் போகக்கூடாது, மருவாதியும் குறையக்கூடாது. அதுக்கு இங்கிலீசு வேணுமுங்க" என்றார்.

'நோ ப்ராப்ளம்' என்னும் விஷத்தைப் புகட்டியவளே நான்தானே. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதரைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். முடிவு சரிதான். வழிதான் தப்பு.

உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு நாள் குனிந்து தேடி, கிழிந்த அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து சொற்களைப் பொறுக்கினேன். எக்ஸாஸ்டட், ஓவர்லோடட், ப்ரெஷர், பர்சனல் டைம், ஆஃப்டர் ஆபீஸ் ஹவர்ஸ். பர்ன்அவுட் என்ற சொல்லைக் கண்டபோது தங்கம் கிடைத்ததுபோல் இருந்தது. அதை எப்படித் தமிழில் விளக்குவது என்று நான் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்க, சென்னியப்பனே சொன்னார்.

"மோட்டார்ல காயில் போறாப்புலீங்களா? வோல்டேஜ் இல்லாதப்பப் போட்டா உர்ருனு சத்தம் மட்டும் வரும், தண்ணி வராது, கடசீல உள்ளுக்குள்ளயே கருகிப்போகும். வெளிய பாத்தா பெயிண்டு புதுசாட்டமே இருக்கும்."

முப்பது வருடத்தில் அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு சொற்களையும் ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். பயிற்சி தொடங்கியது. இருவரும் தினமும் பஸ் ஏறி வகுப்புக்கு வர, அந்நேரம் வீட்டுப் போனை எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொண்டார். நான்தான் மேனேஜர். என் பழைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "வெல், சென்னியப்பன், கேன் யூ டேக் ஃபோர் மோர் டவுன்ஸ்?" என்று அதட்டுவேன். அவர் நெஞ்சை நிமிர்த்தி, "சார், ஐ ஆம் கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட், சார்" என்று தெளிவாகச் சொல்வார். சொல்லி முடித்து ஒரு மூச்சு விட்டு, "பட் நோ ப்ராப்ளம், சார்" என்பார்.

அந்த வாலை நறுக்க எனக்குப் பத்து நாள் பிடித்தது. மேசையைத் தட்டினேன், கத்தினேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் சாந்தாமணி அவர் தொடையில் கிள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அந்த அம்மாள் தன் கடமையை மனப்பூர்வமாகச் செய்தார். பதினோராவது நாள் சென்னியப்பன் வாலில்லாமல் முழுசாகப் பேசினார். பதட்டமில்லை, தடுமாற்றமில்லை, இருபத்திரண்டு சொற்களும் அதனதன் இடத்தில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் காட்சியை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று, சாந்தாமணியின் சித்தி என்ற வேஷத்தில் அந்த நாளன்று நானும் உடுமலைப்பேட்டைக்குப் போனேன்.

வீட்டைப் பார்த்ததுமே கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். வாசலில் மாவிலைத் தோரணம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். சாமி அறையில் ஃபேக்ஸ் மெஷினுக்கு மல்லிகைச் சரம். தெருவே அடுப்படியில் இருந்தது. ஒருத்தர் போளி மாதிரியான ஒப்புட்டு தட்ட, ஒருத்தர் சந்தகை பிழிய, ஒருத்தர் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு நெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா கன்று போட்ட அந்த மாட்டின் பாலோடு வந்திருந்தார். என்ன இதெல்லாம் என்று சென்னியப்பனை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"ஊட்டுக்கு வர்றாருல்லங்க" என்றார் அவர், இதைக்கூட விளக்க வேண்டுமா என்ற முகத்தோடு.

பம்பாய் மேனேஜர் வந்தார். ஒல்லியான, நெற்றி சுருங்கிய, ஐம்பது வயது மனிதர். காரிலிருந்து இறங்கியதும் இளநீர். உட்கார்ந்ததும் மோர். கையலம்பியதும் இலை. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் சிரித்தபடி நின்று "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் எங்கள் பக்கம் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது. மூன்றாவது ஒப்புட்டில் அவர் நெற்றிச் சுருக்கம் மறைந்துவிட்டது. ஜன்னல் வழியே தென்னைக்காற்று வேறு.

மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்னார்: சென்னியப்பன், நீ கொடுத்து வைத்தவன். நான் தினமும் இரண்டு மணி நேரம் ரயிலில் நின்றபடி ஆபீசுக்குப் போகிறேன். உனக்கு வீட்டிலேயே வேலை, வீட்டிலேயே சாப்பாடு. உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இந்த நான்கு ஊரையும் நீயே பார்த்துக்கொள்கிறாயா?

நான் மூச்சைப் பிடித்தேன். சாந்தாமணி கரண்டியோடு நின்றார். கிள்ளும் தூரத்தில் அவர் இல்லை. சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார். அவர் பார்வை இலைக்குப் போனது. இலையில் ஒப்புட்டு தீர்ந்திருந்தது.

"நோ ப்ராப்ளம், சார்" என்று சொல்லி, ஒப்புட்டு ஒன்றை எடுத்து வைத்து, அதன்மேல் நெய்யும் ஊற்றினார்.

எனக்கு வந்த கோபத்தில் சித்தி வேஷமே கலைந்திருக்கும். அவரை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், "இருபத்திரண்டு வார்த்தை! ஒண்ணு, ஒண்ணே ஒண்ணாவது வெளியே வந்துதா?" என்று பல்லைக் கடித்தேன்.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "வார்த்தையெல்லாம் நெஞ்சுல இருக்குதுங்க டீச்சர். ஆனா, நம்ம ஊட்டுக்குச் சாப்பிட வந்தவருகிட்ட, சோத்தைப் போட்டுப்போட்டு, என்னால முடியிலீன்னு எப்படிங்க சொல்றது? அவரு தப்பா நெனைக்கறது கெடக்குதுங்க. அந்தச் சோறு அவருக்குச் சீரணமாகுமுங்களா?"

மாடு என்னைப் பார்த்தது, நான் மாட்டைப் பார்த்தேன். பதினோரு நாள் அந்த மனிதருக்கு எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுத்தேன். எங்கே நின்று சொல்லப்போகிறார் என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை. கம்பெனி அவரை மூன்று பேர் வேலையில் மட்டும் மாட்டவில்லை, தன் முதலாளியே தன் விருந்தாளியாக வரும் இடத்தில் கொண்டுவந்து மாட்டியிருக்கிறது. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மேனேஜரிடம் முடியாது என்று சொல்லலாம். இலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எங்கள் ஊரில் எவனாலும் சொல்ல முடியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு மேனேஜராக நடித்தேனே, நான் ஒரு நாளாவது ஒரு வாய் சாப்பிட்டேனா!

"சரி, அவர் எப்போது உங்களுக்கு விருந்தாளி இல்லாமல் போவார்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "நம்ம ஊரு எல்லையத் தாண்டிட்டாருன்னா சொல்லிப்போடலாமுங்க."

மேனேஜருக்குச் சாயங்காலம் பீளமேட்டில் விமானம். வழியனுப்புகிற சாக்கில் நாங்கள் இருவரும் அவருடைய வாடகைக் காரிலேயே ஏறிக்கொண்டோம். மேனேஜர் டிரைவருக்குப் பக்கத்தில், நாங்கள் பின்னால். மேனேஜர் மடியில் சாந்தாமணி கட்டிக்கொடுத்த கச்சாயப் பொட்டலம், எங்கள் பக்கத்து இனிப்பு. பையில் அந்த நான்கு ஊர்க் காகிதம். விமானம் ஏறுமுன் சென்னியப்பன் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

உடுமலை எல்லை தாண்டியது. நான் முழங்கையால் இடித்தேன். சென்னியப்பன் என் காதருகே வந்தார். "கோமங்கலம் வருதுங்க. எங்க அக்காவைக் குடுத்த ஊருங்க. இங்கயும் நம்ம விருந்தாளிதானுங்க."

கோமங்கலம் தாண்டியது. பொள்ளாச்சி வந்தது. பொள்ளாச்சி மாமனார் ஊர், அங்கே ஏற்கெனவே பெயர் கெட்டுக் கிடக்கிறது, வாயே திறக்க முடியாது என்றார். கிணத்துக்கடவு வந்தது. "இங்க எங்க பெரியப்பா ஊடுங்க" என்றார். அத்தோடு விட்டாரா? காரை நிறுத்தச் சொல்லி, கடையில் மேனேஜருக்கு ஒரு இளநீர் வேறு வாங்கிக் கொடுத்தார். மேனேஜர் "வாட் ஹாஸ்பிடாலிட்டி!" என்று உருகினார். எனக்கு அந்த இளநீர் சீவும் அரிவாளைப் பார்த்து வேறு எண்ணங்கள் வந்தன. ஈச்சனாரியில் பிள்ளையார் கோவில் முன்னால் மறுபடி இடித்தேன். "மச்சாண்டார் வகையில ஒருத்தரு இங்க குடியிருக்காருங்க" என்றார். இந்த மனிதருக்குச் சொந்தமில்லாத ஊர் கோவை ஜில்லாவில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. உக்கடம் போனது, அவிநாசி ரோடு போனது. என் இருபத்திரண்டு சொற்களும் காரோடு ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இந்தக் கையெழுத்து விழுந்தால் இந்த ஆள் பிழைக்க மாட்டார்.

விமான நிலையத்தில் இறங்கினோம். உள்ளே போக இன்னும் நேரம் இருந்தது. ஓரத்தில் ஒரு காபிக் கடை. வழக்கம்போல் சென்னியப்பன் சட்டைப் பைக்குள் கையை விட்டபடி முன்னால் பாய்ந்தார். நான் என் வாழ்நாளில் செய்த மிகச்சிறந்த ஆசிரியப் பணியை அந்த நொடியில் செய்தேன். அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். முழு பலத்தோடு. ஒரு பொத்தான் தெறித்தது.

மேனேஜர் அதற்குள் கடைக்குப் போய்விட்டார். மூன்று காபி வாங்கினார், காசு கொடுத்தார். ஒரு கோப்பையைச் சென்னியப்பன் கையில் வைத்து, "ப்ளீஸ், டேக்" என்றார்.

சென்னியப்பன் கோப்பையைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். அவர் தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்குவதை நான் பார்த்தேன். இப்போது உபசரிப்பவர் மேனேஜர். இவர் விருந்தாளி. விருந்தாளிக்குக் குறை சொல்ல உரிமை உண்டு, உபசரிப்பவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"சார்," என்றார் சென்னியப்பன். "ஐ வாண்ட் டு கோ ஹோம்."

மேனேஜர் சிரித்தார். போகலாமே, நான் விமானம் ஏறியதும் போய்விடலாம் என்றார்.

"நோ சார். டூ இயர்ஸ் ஐ ஆம் நாட் கோயிங் ஹோம். ஐ ஈட் இன் ஆபீஸ். ஐ ஸ்லீப் இன் ஆபீஸ். மை வைஃப் குக்கிங் இன் ஆபீஸ். மை டாட்டர், சார்." இங்கே கொஞ்சம் நிறுத்தினார். "மை டாட்டர் ஃபர்ஸ்ட் வேர்ட் நாட் அப்பா, சார். ஃபர்ஸ்ட் வேர்ட், அலோ."

என் பட்டியலிலிருந்து ஒரு சொல்கூட இல்லை. இலக்கணத்தை எடுத்துப் பார்த்தால் நான் வகுப்பில் நுழைந்திருக்கவே கூடாது. ஆனால் மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிறகு பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, இரண்டாக மடித்து, மறுபடி பைக்குள்ளேயே வைத்தார்.

எனக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், ரயிலில் நிற்கும்போதே பேஜர் அடிக்கும், நானும் இதே மாதிரிதான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன், இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை என்றார் ஆங்கிலத்தில். உடனே சென்னியப்பன், காத்திருந்ததுபோல, சட்டைப் பையிலிருந்து என் பட்டியலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சார், ட்வென்டி டூ வேர்ட்ஸ். வெரி குட் வேர்ட்ஸ். டீச்சர் கிவன்."

மேனேஜர் தாளைப் பார்த்தார், சாந்தாமணியின் சித்தியைப் பார்த்தார். நான் கச்சாயப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டியல் பம்பாய்க்குப் போயிற்று.

மூன்று வாரத்தில் மல்லிகை வாடிப்போயிருந்த அந்த மெஷினில் கடைசி ஃபேக்ஸ் வந்தது. மண்டிக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், துணைக்கு ஒரு ஆள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. நான்கு ஊருக்கும் வேறொருவர். ஃபேக்ஸ் மெஷின் குங்குமப் பொட்டோடு மொபெட்டில் ஏறிப் போனது. வீட்டுப் போனைத் தெருவுக்காக விட்டுவைத்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், எப்படி இருக்கிறார் என்று கேட்க அந்த எண்ணுக்கு அழைத்தேன். சாந்தாமணிதான் எடுத்தார். சென்னியப்பன் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"இருக்காருங்க டீச்சர். ஊட்டுக்கு வந்துட்டாருங்க" என்றார். "அதனால இப்பப் பேச முடியாதுங்க. காலைல ஆபீசுக்குப் போடுங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். என் மாணவர்கள் குடும்பத்தில் என்னை இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசியவர்கள் வேறு யாரும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே, புதியவர்களே, சொற்களைக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, யாராவது பம்பாய்க்கு எடுத்துப் போவார்கள். ஆனால் பட்டியலைக் கொடுப்பதற்கு முன்னால், உன் மேலதிகாரியிடம் இதை எந்த இடத்தில் சொல்வாய், அப்போது யார் கையில் யார் கொடுத்த காபி இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரம்யாவின் பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகூட வேலை செய்கிறாயே கண்ணு, உனக்குக் களைப்பாக இல்லையா என்று கேட்டு எழுதினேன். பதில் அரை நிமிடத்தில் வந்தது. "நோ ப்ராப்ளம் மேடம்!" பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை.

ரம்யா, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால், வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் தெருமுனைக் காபிக் கடைக்கு வா. என்னை வீட்டுக்குக் கூப்பிடாதே, வர மாட்டேன். காபிக்கு நான்தான் காசு கொடுப்பேன்.